டி டிரைவ் இன்னொரு டிஸ்க் அல்ல: பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம், மவுன்ட் - ஓர் எளிய விளக்கம்

“முக்கியமானதை எல்லாம் டி டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன், கம்ப்யூட்டர் கெட்டாலும் கவலையில்லை.” இதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதில் பாதி உண்மை. விண்டோஸ் மட்டும் கெட்டுப்போனால் சி டிரைவை அழித்துவிட்டு மறுபடி நிறுவிக்கொள்ளலாம், டி டிரைவ் அப்படியே இருக்கும். ஆனால் பழுதானது டிஸ்கே என்றால்? பெரும்பாலும் சி, டி இரண்டும் ஒரே டிஸ்கின் இரு பகுதிகள்தாம். ஒன்று போகும்போது மற்றதும் கூடவே போய்விடும். குழந்தையின் முதல் ஐந்து வருடப் படங்களை இப்படி இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அலட்சியமானவர் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் தேதி போட்டு, பெயர் வைத்து, பத்திரமான இடம் என்று நம்பி டி-யில் வைத்தவர். ‘டி டிரைவ்’ என்ற சொல்தான் அவரை ஏமாற்றியது.

‘டிரைவ்’ என்ற ஒரே சொல்லைப் பல பொருளில் பேசுகிறோம். கையில் பிடிக்கும் பெட்டியும் டிரைவ், அதற்குள் பிரித்த பகுதியும் டிரைவ், திரையில் தெரியும் எழுத்தும் டிரைவ். இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், டிஸ்க் சம்பந்தமான குழப்பங்களில் முக்கால்வாசி விலகிவிடும். இங்கே பெட்டியை டிஸ்க் என்று மட்டுமே சொல்கிறேன். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## டிஸ்க்: எண் போட்ட ஒரு தடித்த நோட்டு

பக்க எண் மட்டும் அச்சிட்ட, வேறு எதுவும் எழுதாத ஒரு மிகத் தடித்த நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் அவ்வளவுதான். அதன் ஒரு பக்கத்துக்கு செக்டர் என்று பெயர். ஒரு செக்டரில் வழக்கமாக 512 பைட் பிடிக்கும். 1 டிபி டிஸ்க் என்றால் ஏறக்குறைய 195 கோடி செக்டர்கள்.

டிஸ்குக்குப் புரிவது முக்கியமாக இரண்டு கட்டளைகள்: “இத்தனையாவது பக்கத்தைப் படித்துக் கொடு”, “இத்தனையாவது பக்கத்தில் இதை எழுது.” படம், பாட்டு, ஃபோல்டர் எதுவும் அதற்குத் தெரியாது. அந்த அர்த்தமெல்லாம் மேலே இருக்கும் மென்பொருள் கொடுப்பது.

பலருக்கும் வரும் ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 1 டிபி என்று வாங்கிய டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவதற்குப் பார்ட்டிஷன் காரணமில்லை, யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவும் இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. அளவு ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

## பார்ட்டிஷன்: முதல் பக்கத்தில் எழுதிய எல்லை

ஒரே நோட்டில் கணக்கும் வரலாறும் எழுத வேண்டுமென்றால் என்ன செய்வோம்? முதல் பக்கத்தில் “2 முதல் 80 வரை கணக்கு, 81 முதல் 200 வரை வரலாறு” என்று எழுதிவைப்போம். நோட்டை யாரும் இரண்டாகக் கிழிப்பதில்லை. எல்லை இருப்பது அந்த ஒரு குறிப்பில் மட்டும்தான்.

பார்ட்டிஷன் என்பது அப்படி எல்லை குறித்த ஒரு பகுதி. எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டிஸ்கின் தொடக்கத்தில் எழுதிய பட்டியலுக்குப் பார்ட்டிஷன் டேபிள் என்று பெயர். டிஸ்குக்குள் தடுப்புச் சுவர் எதுவும் கிடையாது. சி-யும் டி-யும் ஒரே மோட்டாரை, ஒரே சிப்பை, ஒரே மின் இணைப்பை நம்பி இருப்பவை.

இந்தப் பட்டியலை எழுத இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. பழையது எம்பிஆர். 1983-இல், ஐபிஎம் கணினிகளின் அன்றைய இயங்குதளமான பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. அதில் மொத்தப் பட்டியலுக்கும் ஒதுக்கிய இடம் 64 பைட்தான், நான்கு பகுதிகளுக்கு மேல் நேரடியாகக் குறிக்க இடமில்லை. பக்க எண்ணை எழுதவும் 32 பிட் மட்டுமே உண்டு. அதனால் 512 பைட் செக்டர் கொண்ட டிஸ்கில் சுமார் 2 டிபிக்கு அப்பால் இருப்பதை அதால் குறிப்பிடவே முடியாது. 4 டிபி டிஸ்க் வாங்கியவருக்கு 2 டிபி மட்டும் பயன்படுகிறது என்றால், அநேகமாக டிஸ்கில் பழுது இல்லை, எம்பிஆர் முறையில் எழுதியிருக்கிறார்கள்.

புதியது ஜிபிடி. வழக்கமாக 128 பகுதிகள் வரை குறிக்கலாம், அளவு இன்றைக்கு யாரும் எட்டக்கூடிய ஒன்றல்ல. எனக்குப் பிடித்தது இன்னொன்று: இந்தப் பட்டியலின் ஒரு நகல் டிஸ்கின் கடைசியிலும் இருக்கிறது. முன்பக்கம் கெட்டாலும் பின்பக்கத்தைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். மிகப் பழைய கணினியில் போட வேண்டிய டிஸ்க் என்றால் ஒழிய, புது டிஸ்கில் ஜிபிடி-யைத் தேர்ந்தெடுங்கள், வேறு யோசனை வேண்டாம்.

எல்லை வெறும் குறிப்புதான் என்பதால் இன்னொன்றும் புரியும். பார்ட்டிஷனை நீக்கினால் அழிவது பட்டியலில் ஒரு வரி மட்டும்தான், உள்ளே எழுதியது அழிவதில்லை. கை தவறி நீக்கிவிட்டீர்களா? பதற்றத்தில் புது பார்ட்டிஷன் போட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள். அந்த டிஸ்கில் எதையும் எழுதாமல் நிறுத்துங்கள். டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருள்கள் டிஸ்க் முழுக்கத் தேடி, பழைய எல்லையைக் கண்டுபிடித்துப் பட்டியலை மீண்டும் எழுதித் தரக்கூடியவை.

இதற்கு நேர்மாறான ஒரு வலையும் இருக்கிறது. ஏற்கெனவே ஃபைல்கள் உள்ள டிஸ்கைச் செருகும்போது, பட்டியலைப் படிக்க முடியாவிட்டால் விண்டோஸ் “இந்த டிஸ்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும்” என்று கேட்கும். சாதாரணமான கேள்வி போலத்தான் இருக்கும். ஓகே அழுத்தினால் புதிய வெற்றுப் பட்டியல் ஒன்றைப் பழையதன் மேல் எழுதிவிடும். புத்தம் புது டிஸ்குக்கு மட்டுமே அந்த ஓகே. உங்கள் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் என்றால் கேன்சல் அழுத்திவிட்டு, முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இதுவரை பார்த்தது: டிஸ்க் என்பது எண் போட்ட பக்கங்கள். பார்ட்டிஷன் என்பது எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்ற குறிப்பு. ஃபைல் இன்னும் கதைக்குள் வரவில்லை.

## ஃபைல் சிஸ்டம்: ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொருளடக்கம்

வரலாற்றுக்கு 120 பக்கம் ஒதுக்கியாயிற்று. ஆனால் எந்தப் பாடம் எந்தப் பக்கத்தில்? இடம் போதாமல் ஒரு பாடம் 90-இல் தொடங்கி 140-இல் தொடர்ந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எந்தப் பக்கங்கள் இன்னும் காலி? இதையெல்லாம் குறித்துவைக்க அந்தப் பகுதிக்கென்று ஒரு பொருளடக்கம் வேண்டும். அந்தப் பொருளடக்கமும் அதை எழுதும் விதிமுறையும் சேர்ந்ததுதான் ஃபைல் சிஸ்டம். ஃபைல் பெயர், ஃபோல்டர், தேதி, எந்த செக்டர்களில் அதன் உள்ளடக்கம் இருக்கிறது என்ற விவரம், காலி இடக் கணக்கு எல்லாமே இதில் அடக்கம்.

ஃபார்மேட் செய்வது என்றால் ஒரு பார்ட்டிஷனுக்குள் புதிய வெற்றுப் பொருளடக்கம் எழுதுவது. 2 டிபி டிஸ்கின் குவிக் ஃபார்மேட் சில நொடிகளில் முடிவதற்குக் காரணம் இதுதான். பாடங்களை அழிக்காமல் பொருளடக்கத்தை மட்டும் மாற்றுகிறது. சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்குப் பிறகும் பெரும்பகுதியை மீட்க வாய்ப்பு உண்டு. சுழலும் பாகமில்லாமல் சிப்பில் எழுதும் எஸ்எஸ்டி-யில் அந்த நம்பிக்கை குறைவு. ஃபார்மேட் செய்யும்போதே “இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை” என்ற தகவல் வழக்கமாக எஸ்எஸ்டி-க்குப் போய்விடும், அது தன் வசதிக்கு உள்ளே துடைத்துக்கொள்ளும்.

ஃபைல் சிஸ்டம் வகைகள் பல. விண்டோஸின் சொந்த வகை என்டிஎஃப்எஸ். விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் பரவலாக இருப்பது இஎக்ஸ்டி4. புதிய மேக் கணினிகளில் ஏபிஎஃப்எஸ். பழைய ஃபேட்32-ஐ ஏறக்குறைய எல்லாச் சாதனங்களும் படிக்கும், ஆனால் அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. பென் டிரைவில் 10 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி வீடியோ ஏற மறுப்பது இதனால்தான். இந்தத் தடையைத் தாண்ட 2006-இல் வந்தது எக்ஸ்ஃபேட். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் மாற்றி மாற்றிச் செருகும் டிஸ்குக்கு அதுதான் வசதி.

ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை உண்டு, அதில் ஜர்னல் கிடையாது. ஜர்னல் என்பது, பொருளடக்கத்தை மாற்றும் முன் “இந்த மாற்றத்தைச் செய்யப் போகிறேன்” என்று ஓரமாகக் குறித்துவைக்கும் பழக்கம். நடுவில் மின்சாரம் போனாலும், திரும்ப வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்தைச் சரிசெய்துகொள்ளலாம். என்டிஎஃப்எஸ், இஎக்ஸ்டி4 இரண்டிலும் இது இருக்கிறது. எப்போதும் ஒரே கணினியில் செருகியிருக்கப் போகும் டிஸ்குக்கு அந்தக் கணினியின் சொந்த வகையையே போடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

லினக்ஸில் இஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்த டிஸ்கை விண்டோஸில் செருகினால், “பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்” என்று விண்டோஸ் கேட்பது உண்டு. டிஸ்க் காலி என்றோ கெட்டுவிட்டது என்றோ அதற்குப் பொருள் இல்லை. “இந்தப் பொருளடக்கம் எழுதியிருக்கும் மொழி எனக்குப் படிக்கத் தெரியவில்லை” என்பதே பொருள்.

சரி, இப்போது இரண்டு அடுக்குகள் கையில் இருக்கின்றன. வெளியே எல்லை, உள்ளே பொருளடக்கம். பார்ட்டிஷன் போட்டதும் அது பயன்படாமல் இருப்பதற்கும், ஃபார்மேட் செய்த பிறகே ஃபைல் வைக்க முடிவதற்கும் காரணம் இந்த இரண்டும் வேறு வேறு என்பதுதான்.

## அளவை மாற்றும்போது எது முதலில்?

இந்த இரண்டு அடுக்கைப் புரிந்துகொண்டவருக்கு, அளவை மாற்றும் வேலையில் எங்கே ஆபத்து என்று தானாகவே தெரியும். பாடம் 150-ஆம் பக்கம் வரை எழுதியிருக்கும்போது எல்லையை மட்டும் 120-க்கு இழுத்தால் மீதி முப்பது பக்கம் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதனால் சிறிதாக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம், அப்புறம் பார்ட்டிஷன். பெரிதாக்கும்போது முதலில் பார்ட்டிஷன், அப்புறம் ஃபைல் சிஸ்டம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டும் லினக்ஸின் ஜிபார்ட்டெட்டும் இந்த வரிசையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். கட்டளை அடித்துச் செய்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

வீடுகளில் அடிக்கடி வரும் சிக்கல் வேறு. சி நிரம்பிவிட்டது, டி-யில் 200 ஜிபி சும்மா கிடக்கிறது. டி-யில் 100 ஜிபியைக் குறைக்கிறார்கள். காலி இடம் வருகிறது. ஆனால் சி-யின் மேல் வலது கிளிக் செய்தால் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கிப்போய், அழுத்த முடியாமல் நிற்கிறது. ஏன்? டி-யைக் குறைக்கும்போது இடம் விடுபடுவது டி-யின் கடைசியில். சி-க்கும் அந்தக் காலி இடத்துக்கும் நடுவில் டி உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு பகுதியை நீட்ட, அதன் வலப்பக்கம் ஒட்டியபடி காலி இடம் இருக்க வேண்டும். டி-யே இல்லாத கணினிகளில்கூட சில சமயம் சி-க்கு அடுத்து ஒரு சிறிய ரெகவரி பார்ட்டிஷன் (விண்டோஸைச் சீர்செய்வதற்கான ஃபைல்கள் உள்ள பகுதி) நின்று இதே தடையைப் போடும்.

டி-யைத் தள்ளி வைக்கலாம், ஜிபார்ட்டெட் அதைச் செய்யும். ஆனால் தள்ளுவது என்றால் எல்லைக் குறிப்பை மாற்றுவது மட்டும் இல்லை. டி-யில் எழுதியதை எல்லாம் ஒவ்வொரு பக்கமாக வேறு இடத்தில் படியெடுக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகலாம், நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் சிதையும். இப்படி ஒரு வேலையில் இறங்கும் முன் வேறொரு டிஸ்கில் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். நானாக இருந்தால் அந்தப் பேக்கப் எடுத்த கையோடு டி-யை முழுக்க நீக்கி, சி-யை நீட்டி, மீதியில் டி-யைப் புதிதாகப் போட்டு, ஃபைல்களைத் திருப்பி வைப்பேன். ரெகவரி பார்ட்டிஷன் குறுக்கே நிற்காதவரை, தள்ளுவதைவிட இது நிம்மதியான வழி.

இந்தத் தொல்லைக்குக் காரணம் ஆரம்பத்தில் நிறையப் பகுதிகளாகப் பிரித்ததுதான். படத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று நான்கைந்து போட்டால் எதில் இடம் தீரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கு ஃபோல்டரே போதும். பகுதி பிரிப்பதால் வேகம் கூடும் என்பதும் இன்றைய எஸ்எஸ்டி-க்குப் பொருந்தாது. சிஸ்டத்துக்கு ஒன்று, சொந்த ஃபைல்களுக்கு ஒன்று, வீட்டுக்கு இதுவே தாராளம். இவை தவிர நூறு, இருநூறு எம்பி அளவில் ஈஎஃப்ஐ என்று ஒரு சிறு பார்ட்டிஷன் கண்ணில் படும். கணினி உயிர்பெற்று எழுவதற்கான ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன, அதைத் தொட வேண்டாம்.

## மவுன்ட்: உள்ளே போக ஒரு கதவு

பகுதி பிரித்தாயிற்று, பொருளடக்கமும் எழுதியாயிற்று. ஆனாலும் ஃபைலைத் திறக்க, கணினிக்குள் அந்தப் பகுதிக்கு ஒரு முகவரி வேண்டும். ஒரு ஃபைல் சிஸ்டத்தை எடுத்து, “இந்த இடத்தின் வழியாக இதற்குள் போகலாம்” என்று இணைப்பதற்குப் பெயர் மவுன்ட். அந்த இடம்தான் மவுன்ட் பாயின்ட்.

விண்டோஸில் அந்தக் கதவுக்கு ஓர் எழுத்தே பெயர். ஏ-யும் பி-யும் ஃப்ளாப்பிகளுக்கு ஒதுக்கியவை என்பதால் ஹார்ட் டிஸ்க் சி-யில் தொடங்கியது. ஃப்ளாப்பி மறைந்தும் வழக்கம் நிலைத்துவிட்டது. லினக்ஸில் எழுத்து கிடையாது. எல்லாமே ஒரே மரம், ரூட் என்ற ஒரே அடியிலிருந்து கிளைக்கிறது. இன்னொரு டிஸ்கைச் சேர்க்க வேண்டுமானால் அந்த மரத்தில் ஒரு ஃபோல்டரைக் காட்டி, அதன் மேல் பொருத்திவிட வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் கவனிக்கத் தவறும் ஒன்று இருக்கிறது. மவுன்ட் பாயின்ட்டாக இருக்கும் ஃபோல்டர், டிஸ்க் வராத நேரத்திலும் இருக்கும். அப்போது அது சிஸ்டம் டிஸ்கில் உள்ள ஒரு சாதாரண ஃபோல்டர், அவ்வளவே.

இதை நான் நேரில் பட்டுத் தெரிந்துகொண்டேன். தினமும் இரவு படங்களை எல்லாம் வெளி டிஸ்குக்கு நகலெடுக்க ஒரு பேக்கப் ஏற்பாடு வைத்திருந்தேன். ஒருநாள் மேசையை நகர்த்தியபோது கேபிள் லேசாகக் கழன்றிருக்கிறது. அடுத்த முறை கணினி எழுந்தபோது டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை. ஆனால் ஃபோல்டர் இருந்தது. பேக்கப் மென்பொருள் ஃபோல்டரைத் தேடியது, கிடைத்தது, எழுதத் தொடங்கியது. ஒவ்வொரு இரவும் “வெற்றி” என்று பதிவும் செய்தது. மூன்று வாரம் கழித்து சிஸ்டம் டிஸ்கில் இடமே இல்லை என்று எச்சரிக்கை வந்தபோதுதான் விழித்தேன். கேபிளைச் சரியாகச் செருகி மவுன்ட் செய்தேன். அந்த மூன்று வார நகல்களைக் காணவில்லை! இடம் மட்டும் நிரம்பியே இருந்தது. டிஸ்கை மறுபடி அன்மவுன்ட் செய்து ஃபோல்டரைத் திறந்தேன், அத்தனையும் அங்கே கிடந்தன. வெளி டிஸ்க், திரை போல, அவற்றின் மேல் விழுந்து மறைத்திருந்தது.

அன்றிலிருந்து வெளி டிஸ்குக்குள் ஒரு சிறிய அடையாள ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். பேக்கப் தொடங்கும் முன் அந்த ஃபைல் கண்ணில் படுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். படவில்லை என்றால் எதையும் எழுதாமல் நின்றுவிடும். லினக்ஸில் இன்னொரு வழியும் உண்டு: டிஸ்க் இல்லாத நேரத்தில் அந்த வெற்று ஃபோல்டரை, யாரும் மாற்ற முடியாததாகச் சேட்டர் (chattr) என்ற கட்டளையால் பூட்டிவிடலாம். பூட்டியிருந்தாலும் டிஸ்கை அதன் மேல் மவுன்ட் செய்ய முடியும், ஆனால் டிஸ்க் இல்லாதபோது அதில் எதுவும் எழுத முடியாது.

## வரிசையில் எத்தனையாவது, அல்லது யார்?

மவுன்ட் சில நாள் நடக்கிறது, சில நாள் நடப்பதில்லை, அல்லது வேறு டிஸ்க் அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இப்படிப் புலம்புபவர்களின் கணினியில் பெரும்பாலும் ஒரே தவறுதான் இருக்கும்: டிஸ்கை அதன் வரிசையை வைத்து அழைப்பது.

லினக்ஸ் கண்ணில் முதலில் பட்ட டிஸ்குக்கு எஸ்டிஏ என்றும் அடுத்ததற்கு எஸ்டிபி என்றும் பெயர் வைக்கிறது. இது வரிசையில் நிற்பவர்களை “முதல் ஆள், இரண்டாம் ஆள்” என்று கூப்பிடுவது போல. நாளைக்கு வேறொருவர் முன்னால் வந்து நின்றால் இரண்டாம் ஆள் மாறிவிடுவார். பென் டிரைவைச் செருகியபடி கணினியை எழுப்பினாலோ, ஒரு டிஸ்க் எழுந்திருக்கச் சற்றுத் தாமதித்தாலோ நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகலாம்.

இதற்குத் தீர்வு, வரிசையை விட்டுவிட்டு ஆளை அவர் அடையாளத்தால் அழைப்பது. ஒரு பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யும்போதே அந்த ஃபைல் சிஸ்டத்துக்குள் ஓர் அடையாள எண் எழுதிவைக்கப்படுகிறது. அதற்கு யூயூஐடி என்று பெயர். இஎக்ஸ்டி4-இல் அது எழுத்தும் எண்ணும் கலந்த 32 இலக்கம், ஃபேட் வகைகளில் 8 இலக்கம்தான். டிஸ்கை எந்தத் துளையில் செருகினாலும், ஏன், வேறு கணினிக்கே கொண்டுபோனாலும் இது மாறாது. எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையை எஃப் என்ற தேர்வுடன் அடித்தால் ஒவ்வொரு பகுதியின் எண்ணும் வரிசையாகத் தெரியும்.

இரண்டு இடங்களில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மறுபடி ஃபார்மேட் செய்தால் புது எண் வந்துவிடும், பழைய எண்ணை எழுதிவைத்த இடமெல்லாம் மாற்ற வேண்டும். அப்புறம், ஒரு டிஸ்கை அப்படியே குளோன் செய்தால் எண்ணும் சேர்ந்தே படியெடுக்கப்படும். ஒரே அடையாளத்தோடு இருவர். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் வைத்தால் எது எங்கே மவுன்ட் ஆகும் என்று உறுதி சொல்ல முடியாது.

விண்டோஸ் இந்த வேலையைத் திரைமறைவில் செய்கிறது, எந்தப் பகுதிக்கு எந்த எழுத்து என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் வெளி டிஸ்க் வெளியே இருந்த நேரத்தில் அதன் இ எழுத்தை ஒரு பென் டிரைவ் பிடித்துக்கொண்டால், டிஸ்க் திரும்பி வரும்போது எஃப் ஆகிவிடும். இ-யை நம்பியிருந்த பேக்கப் நின்றுபோகும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்தப் பகுதியை வலது கிளிக் செய்து எக்ஸ், ஒய் போன்று ஆங்கில வரிசையில் பின்னால் இருக்கும் எழுத்தாகக் கொடுத்துவிடுங்கள். புதிதாக வருபவை முன்னால் காலியாக இருக்கும் எழுத்தையே எடுப்பதால், பின்னால் இருப்பதில் போட்டி வராது.

## எஃப்எஸ்டேப்: ஒரு வரியில் ஆறு தகவல்கள்

லினக்ஸில் கணினி எழும்போதே தானாக மவுன்ட் ஆக வேண்டியவற்றை எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் எழுதுகிறோம். ஒரு டிஸ்குக்கு ஒரு வரி, ஒரு வரியில் ஆறு கட்டங்கள். பார்த்தாலே பயமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டமும் ஒரு எளிய கேள்விக்குப் பதில்.

முதல் கட்டம் யாரை என்று கேட்கிறது, அங்கே யூயூஐடி-யை எழுதுங்கள். இரண்டாவது எங்கே என்று கேட்கிறது, அது மவுன்ட் பாயின்ட் ஃபோல்டர். மூன்றாவது ஃபைல் சிஸ்டத்தின் வகை. நான்காவது எப்படி என்ற விருப்பங்கள். ஐந்தாவது இன்று யாரும் பயன்படுத்தாத பழைய பேக்கப் முறைக்கானது, 0 போட்டுவிடலாம். ஆறாவது, எழும்போது பிழை சோதிக்க வேண்டுமா என்பது: சிஸ்டம் இருக்கும் ரூட்டுக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதனை வேண்டாம் என்றால் 0.

முழுக் கவனமும் நான்காவது கட்டத்தில் இருக்கட்டும். அங்கே ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்க்காவிட்டால், எழுதியிருக்கும் டிஸ்க் இல்லாமல் கணினி எழ மறுக்கும். இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் 90 நொடி காத்திருந்து பார்த்துவிட்டு, எமர்ஜென்சி மோட் என்ற கறுப்புத் திரையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். கழற்றி மாட்டும் எந்த வெளி டிஸ்குக்கும் நோஃபெயில் இல்லாமல் வரி எழுதாதீர்கள். “இருந்தால் மாட்டிக்கொள், இல்லாவிட்டால் பரவாயில்லை, மேலே போ” என்று அதற்கு அர்த்தம். ரூட்டுக்கு அது வேண்டாம், அது இல்லாமல் கணினியே இல்லை.

அந்த ஃபைலைத் தொடும் முன் ஒரு நகல் எடுத்துவையுங்கள். எழுதி முடித்ததும் ரீஸ்டார்ட் செய்யாமல், மவுன்ட் கட்டளையை ஏ என்ற தேர்வுடன் அடியுங்கள். எஃப்எஸ்டேப்பில் இருப்பதை எல்லாம் அப்போதே மவுன்ட் செய்து பார்க்கும். டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால், எழுத்துப் பிழை இருப்பது கணினி நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிடும். ஏற்கெனவே கறுப்புத் திரையில் மாட்டிக்கொண்டவரா? டிஸ்கில் ஒன்றும் அழியவில்லை. லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கணினியை எழுப்பி, அந்த ஃபைலைத் திறந்து, புதிதாகச் சேர்த்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டுச் சேமித்தால் போதும். அந்த வரி செயலிழந்து, கணினி வழக்கம்போல் எழும்.

கட்டளைகள் பக்கமே போக விருப்பமில்லை என்றால், ஜினோம் டிஸ்க்ஸ் மென்பொருளில் பகுதியைத் தேர்ந்தெடுத்து மவுன்ட் விருப்பங்களைத் திறக்கலாம். அதுவும் இதே ஃபைலில் இதே வரியைத்தான் எழுதுகிறது.

சுருக்கமாக இந்தப் பகுதி: வரிசையால் அழைக்காதீர்கள், அடையாளத்தால் அழையுங்கள். டிஸ்க் வராத நாளில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதிவையுங்கள்.

## கழற்றும் முன் அன்மவுன்ட்

காப்பி முடிந்ததாகத் திரை சொல்லும், ஆனால் டிஸ்கின் விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருக்கும். கவனித்திருக்கிறீர்களா? எழுத வேண்டியதைக் கணினி முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு “முடிந்தது” என்று நம்மிடம் சொல்லிவிடுகிறது, அப்புறம் நிதானமாக டிஸ்கில் எழுதுகிறது. மெதுவான பென் டிரைவில் பெரிய ஃபைல் ஏற்றிவிட்டு லினக்ஸில் எஜெக்ட் அழுத்தினால், சில சமயம் நிமிடக்கணக்கில் காக்க வைப்பது இதனால்தான். உண்மையில் அப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறது. பொறுமையாக இருங்கள்.

அன்மவுன்ட் என்பது கையில் மிச்சம் வைத்திருப்பதை எழுதி முடித்து, பொருளடக்கத்தையும் முழுமையாக்கி, கதவை மூடுவது. வெளி டிஸ்குகளை உடனே கழற்றக்கூடிய முறையில் வைப்பதையே விண்டோஸ் 10 தன் 1809 பதிப்பிலிருந்து இயல்பாக்கியிருக்கிறது. அதற்காக எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கலாம் என்று ஆகாது. “பயன்பாட்டில் இருக்கிறது” என்று சொல்லி அன்மவுன்ட் ஆக மறுத்தால், ஏதோ ஒரு மென்பொருள் அதில் ஒரு ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள். அந்த ஃபோல்டருக்குள் நிற்கும் ஒரு டெர்மினல் ஜன்னல்கூட (கட்டளை அடிக்கும் ஜன்னல்)க் காரணமாக இருக்கலாம்.

இதே விஷயத்தின் இன்னொரு முகம், ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு வரும். லினக்ஸில் திறந்தால் விண்டோஸ் பகுதியைப் படிக்க மட்டுமே முடிகிறது, எழுத முடியவில்லை. டிஸ்க் பழுது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 8 முதல் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதிதான் காரணம். ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுக்க அணைவதில்லை. தன் நிலையை டிஸ்கில் எழுதிவைத்துப் பாதித் தூக்கத்தில் இருக்கிறது, அந்தப் பகுதியின் கதவும் சரியாக மூடப்படுவதில்லை. அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே எழுதினால், விண்டோஸ் எழும்போது தன் ஞாபகத்தில் இருப்பது ஒன்று, டிஸ்கில் இருப்பது ஒன்று என்றாகி ஃபைல்கள் சிதையும். லினக்ஸ் எழுத மறுப்பது உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றத்தான், கட்டாயப்படுத்தி எழுத வைக்காதீர்கள். விண்டோஸின் பவர் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள். அதுவரைக்கும், லினக்ஸுக்குப் போகும்போது ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுமையாக மூடிக்கொள்ளும்.